ஓடாதவன் முட்டி

மலையில் ஓடினால் முட்டி தேய்ந்து போகும் என்று என் மைத்துனனை எச்சரித்தவர்களை வரிசையில் நிறுத்தினால், எங்கள் வீட்டு வாசலில் தொடங்கி பால் பூத் வரை நிற்பார்கள். அதில் ஒருவர்கூட பஸ்ஸைப் பிடிக்க ஓடியவர் இல்லை. முதல் ஆளாக நிற்பவன் நான்.

"மாப்ள, முட்டிங்கறது ஸ்கூட்டர் டயர் மாதிரி. இத்தனை கிலோமீட்டர்னு கணக்கு வெச்சுத்தான் ஆண்டவன் மாட்டி அனுப்பியிருக்கான். மலை மேல கொண்டுபோய்த் தேய்ச்சுட்டீன்னா, நாளைக்குப் பேரன் பேத்தியத் தூக்கோணும்னா என்ன பண்ணுவே?" சோபாவில் சாய்ந்து, மடியில் முறுக்குத் தட்டோடு இதைச் சொன்னேன். பெரியவர்கள் சொன்னால் எதிர்த்துப் பேசாத பையன் அவன். "சரிங்க மாமா" என்றான். மறுநாள் கோழி கூவுமுன் எழுந்து கோத்தகிரிப் பக்கம் போனான். தேயிலைத் தோட்டத்துக்கும் சோலைக்காட்டுக்கும் நடுவே முப்பது கிலோமீட்டர் ஓடிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்தான். தரையில், சம்மணம் போட்டு. நாற்காலி கேட்டது நான்.

அவனுக்கு ஒரு கனவு உண்டு. பிரான்சில் ஷமோனி என்ற ஊரில் கிளம்பி, மோன் பிளாங்க் மலையைச் சுற்றி, இத்தாலி, சுவிட்சர்லாந்து வழியாக மறுபடியும் ஷமோனிக்கே வந்து சேரும் ஓட்டம். யு.டி.எம்.பி. என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். 2003-ல் தொடங்கியது. தூரம் சுமார் 170 கிலோமீட்டர். ஏற்றம் மட்டும் ஏறத்தாழ 10,000 மீட்டர். 46 மணி 30 நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும். பணம் கட்டியவுடன் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் ஏற்றுக்கொண்ட வேறு ஓட்டங்களில் ஓடி முதலில் 'கல்' சேர்க்க வேண்டும். கல் இருப்பவர்களுக்குத்தான் குலுக்கல். அவன் இதை விளக்கியபோது, எனக்கும்தான் கல் இருந்தது, வாழைத்தண்டுச் சாறு குடித்துக் கரைத்துவிட்டேன் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், என் மனைவி தவிர. தினமும் சாறு பிழிந்தவள் அவள்.

கிளம்பிய இடத்துக்கே திரும்பும் ஓட்டம் என்பதால் 10,000 மீட்டர் ஏறுகிறவன் 10,000 மீட்டர் இறங்கியும் ஆக வேண்டும். இந்தக் கூட்டல் கழித்தல், வரிக்கணக்கு எழுதிப் பிழைக்கும் எனக்கே சட்டென்று உறைக்கவில்லை. மலை என்றதும் நாம் மலைப்பது ஏற்றத்தைப் பார்த்துத்தான். ஏறும்போது மூச்சு வாங்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், தொடை எரியும். முட்டி அப்போதெல்லாம் பெரிதாக வாய் திறப்பதில்லை. அதன் முறை இறக்கத்தில் வரும்.

இறங்கும்போது பாதம் தரையில் பட்டதும் உடம்பு முன்னால் சரியாமல் பிடித்து நிறுத்துவது முன்தொடைத் தசை. வழக்கமாகச் சுருங்கி வேலை செய்யும் அந்தத் தசை, இறக்கத்தில் நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. எல்லா வேலைகளிலும் தசைக்கு இதுதான் சேதாரம் அதிகமான வேலை. அது இழுக்கிற இழுப்பெல்லாம் முழங்கால் சில்லு வழியாகத்தான் கீழே போகிறது. முட்டி மடங்க மடங்க, சில்லு தொடை எலும்போடு சேர்ந்து அழுந்துகிறது. ஒரு அடிக்கு இப்படி என்றால் ராத்திரி முழுக்க, கல்லிலும் வேரிலும், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்குகிறவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள். நான் யோசித்ததோடு சரி.

கோயம்புத்தூர்க்காரர்கள் இதைத் தெரிந்துகொள்ள ஆல்ப்ஸ் வரை போக வேண்டியதில்லை. வெள்ளியங்கிரி ஏறியவர்களைக் கேட்டால் போதும். பூண்டி அடிவாரத்தில் பெரியவர்கள் மூங்கில் தடி வாங்குவார்கள். இளவட்டங்கள் "தடியெல்லாம் எதுக்குங்க" என்று சிரித்துவிட்டு முன்னால் போகும். ஏழாவது மலையில் சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பும் வழியில் பாருங்கள். அதே இளவட்டம், முன்பின் தெரியாத பெரியவரிடம், "அண்ணா, அந்தத் தடியக் கொஞ்ச நேரம் குடுக்கறீங்களா?" என்று கேட்டுக்கொண்டு நிற்கும். யு.டி.எம்.பி.யில் ஓடுகிறவர்களிலும் பெரும்பாலோர் கையில் மடக்குத் தடி இருக்கிறது. தடி ஊன்றி இறங்கினால் முட்டி மேல் விழும் சுமை குறைவதை ஆய்வுக்கூடத்தில் அளந்தே காட்டியிருக்கிறார்கள். பூண்டித் தடி வியாபாரிக்கு இது எப்போதோ தெரியும். அவர் அதைக் கட்டுரையாக எழுதவில்லை, அவ்வளவுதான்.

நானும் ஒரு சித்திரையில் வெள்ளியங்கிரி போய் வந்தேன். இறங்கிய அன்று வீரன்தான். வீட்டுக்கு வந்து, போன கதையை மூன்று பேருக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டுத் தூங்கினேன். மறுநாள் கொஞ்சம் விறைப்பு. அதற்கு மறுநாள், மாடியில் இருந்து கீழே வருவதற்குள் விடிந்துவிட்டது. முதல் படியில் காலை வைத்ததும் தொடை இரண்டும் "எங்களைக் கேட்டுத்தான் செய்தாயா?" என்றன. கைப்பிடிச் சுவரைக் கட்டிக்கொண்டு, பின்பக்கமாகத் திரும்பி, காலால் ஒவ்வொரு படியாகத் துழாவித் துழாவி இறங்கினேன். எதிர்வீட்டு அம்மா கோலப்பொடிக் கிண்ணத்தோடு நின்று முழுவதையும் பார்த்துவிட்டு, "ஏதாச்சும் வேண்டுதலுங்களா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதுதான் கௌரவமாக இருந்தது.

எங்கள் வீட்டில் கழிப்பறை இரண்டு: உட்காரும் வகை ஒன்று, குந்தும் வகை ஒன்று. அன்று காலை உட்காரும் வகையில் மாமனார் செய்தித்தாளோடு குடியேறியிருந்தார். மேற்கொண்டு விவரிக்கப் பத்திரிகை தர்மம் இடம் கொடுக்காது.

முட்டி போயே போய்விட்டது என்று முடிவு கட்டி, இருக்கிற சொத்தை யார் யாருக்கு எழுதுவது என்றுகூட யோசித்தேன். மைத்துனன் வந்து தொடையை ஒரு அழுத்து அழுத்தினான். நான் கத்திய கத்தலில் மாமனார் வெளியே வந்தார். "இது முட்டி இல்லீங்க மாமா, தொடைத் தசைதான். இறக்கத்துக்குப் பழகாததால வர்ற வலி. ரெண்டு மூணு நாள்ல சரியாயிரும். வலி போனதும் மறுபடியும் ஒருக்கா ஏறி இறங்குங்க, இத்தனை வலிக்காது" என்றான். அவன் சொன்னது சரிதான். இறக்கத்தில் ஒருமுறை அடிபட்ட தசை, தேறும்போதே அடுத்த முறைக்கு வேண்டிய பாதுகாப்பையும் செய்துகொள்கிறது. அது சில வாரங்கள் தாங்கும். மலை ஓட்டக்காரர்கள் போட்டிக்கு முன்னால் வேண்டுமென்றே இறக்கத்தில் ஓடிப் பழகுவது இதற்காகத்தான். அறிவியலை நான் மனமார ஏற்றுக்கொண்டேன். மறுபடி ஏறித்தான் நிரூபிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் உண்மையாகவே முட்டி வலிக்க ஆரம்பித்தது அதற்கு வெகு காலம் கழித்து, எந்த மலைக்கும் போகாதபோது. ஆபீசில் ஜூலை மாதம் வருமான வரிக் கணக்குக் கெடு. காலை முதல் ராத்திரி வரை நாற்காலியில் முட்டியை மடக்கி உட்கார்ந்து எழுந்தால், சில்லுக்குப் பின்னால் ஒரு மந்தமான வலி. தியேட்டரில் இடைவேளை வரை தாங்கும். அதற்குப் பிறகு காலை நீட்ட இடம் தேடி, முன் சீட்டுக்காரர் முதுகைத் தொட்டு, இரண்டு முறை மன்னிப்புக் கேட்டாயிற்று. மனைவி டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் சில்லைப் பிடித்து அப்படியும் இப்படியும் நகர்த்தினார், படி ஏறி இறங்கச் சொன்னார், ஒரு காலில் குந்தச் சொன்னார். நான் ஒரு காலில் குந்தியதை விழுந்தது என்றும் சொல்லலாம். பிறகு சீட்டில் எழுதிக்கொண்டே, "ரன்னர்ஸ் நீ. தினமும் எவ்வளவு தூரம் ஓடுவீங்க?" என்றார்.

என் மனைவி ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் வாய்விட்டுச் சிரித்தாள்.

டாக்டரின் விளக்கம் இது. 'ரன்னர்ஸ் நீ' என்றால் ஓட்டக்காரன் முட்டி; ஆனால் பெயரில்தான் ஓட்டம். முன்தொடையும் இடுப்புத் தசையும் வலுவில்லாமல் இருந்தால், சில்லின் மேல் விழும் அழுத்தத்தை முட்டியால் தாங்க முடிவதில்லை. ஓட்டக்காரனுக்கு அந்த வலி இறக்கத்தில் வரும். உட்கார்ந்தே இருப்பவனுக்கு உட்கார்ந்த இடத்திலேயே வரும். ரொம்ப நேரம் முட்டியை மடக்கி உட்கார்ந்தால் வலிப்பது இதன் அடையாளம். சினிமா பார்க்கிறவர்களுக்கு வருவதால் மருத்துவத்தில் அதற்குத் தியேட்டரை வைத்தே ஒரு பெயர் உண்டு. ஆக, மைத்துனனுக்கு வரும் என்று நான் ஜோசியம் சொன்ன வியாதி, முறுக்குத் தட்டோடு இருந்த எனக்கு வந்து சேர்ந்தது. எடையையும் பார்த்தார். மூட்டுத் தேய்மானம் உள்ள பருமனானவர்களை வைத்து 2005-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், உடம்பில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டி மேல் 4 கிலோ சுமை குறைகிறது என்று கண்டார்களாம். "அப்ப ஏறினா?" என்று என் மனைவி கேட்டாள். டாக்டர் என் வயிற்றைப் பார்த்தார். பெருக்கல் அவர் மனதுக்குள்ளேயே நடந்தது.

வீட்டுக்கு வந்ததும் மைத்துனனை மடக்கும் ஆவேசத்தில் படிக்க உட்கார்ந்தேன். ஓடுகிறவன் முட்டி தேயத்தான் செய்கிறது என்று அச்சில் ஒரு வரி கிடைத்தால் போதும் என்றிருந்தது. 2017-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கையில் கிடைத்தது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் இடுப்பு, முழங்கால் மூட்டுகளைக் கணக்கெடுத்தது. போட்டிக்காகவே ஓடும் உயர்மட்ட வீரர்களில் மூட்டுத் தேய்மானம் 13.3 சதவீதம். மேஜையைத் தட்டினேன். "பாத்தியா!" அடுத்த வரியையும் படித்திருக்க வேண்டாம். ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் 10.2 சதவீதம். பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம். மைத்துனன் எட்டிப் பார்த்து, "மாமா, இதுல நீங்க எந்தக் கணக்குல வர்றீங்க?" என்றான். இந்தப் புள்ளிவிவரத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது என்றேன். முட்டி கெட்டவர்கள் ஓட்டத்தை விட்டுவிடுவார்கள். மிச்சம் இருப்பவர்களின் முட்டி நன்றாகத்தானே இருக்கும்? இது நியாயமான ஆட்சேபம்தான், இப்போதும் சொல்வேன். ஆனால் அதைச் சொல்லிவிட்டு நான் எழுந்தபோது என் முட்டி போட்ட சத்தத்தில் வாதம் எடுபடவில்லை.

மூட்டில் தேய்வதாகச் சொல்லப்படும் குருத்தெலும்பு விசித்திரமான ஜந்து. அதில் ரத்தக் குழாய் இல்லை, நரம்பும் இல்லை. அதற்கு வேண்டிய சத்து மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில்தான் இருக்கிறது. காலை ஊன்றும்போது அழுந்தி, எடுக்கும்போது விரிந்து, அந்தத் திரவத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. காலுக்கு வேலை கொடுத்தால்தான் அதற்குச் சாப்பாடு. என் குருத்தெலும்பு பல வருஷமாக அரைப்பட்டினி. வயிறு அதன் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டது.

இதைவிட என்னைக் கலங்கடித்தது ஒரு லாரி. 2009-ல் இத்தாலியின் தெற்கே பாரி நகரத்தில் இருந்து நார்வேயின் வடமுனை வரை, சுமார் 4,500 கிலோமீட்டரை 64 நாளில் ஓடும் போட்டி நடந்தது. அது மலைப் போட்டி இல்லை, ரோட்டு ஓட்டம். ஆனால் மூட்டு விஷயத்தில் அது நல்ல சாட்சி. ஓடுகிறவர்களுக்குப் பின்னாலேயே எம்.ஆர்.ஐ. எந்திரத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு ஜெர்மன் டாக்டர்கள் போனார்கள். நம் ஊரில் எம்.ஆர்.ஐ. எடுக்க நாம் பின்னால் போகிறோம். அங்கே அது பின்னால் வருகிறது. முதல் 1,500-2,500 கிலோமீட்டருக்குள் முழங்கால், கணுக்கால் குருத்தெலும்புகள் நலிந்ததைப் படத்தில் பார்த்தார்கள், சில்லு மூட்டைத் தவிர. இந்த இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு, ஓட்டம் நிற்காமலே, கணுக்கால் பக்கத்துக் குருத்தெலும்பு மீண்டும் தேற ஆரம்பித்தது. ஓடிக்கொண்டே தேறுகிறதாம். என் டயர் தத்துவம் அன்றோடு பஞ்சர்.

மலை ஓட்டத்தால் முட்டிக்கு ஒன்றுமே ஆகாது என்று நான் சொல்வதாக நினைத்து, நாளைக்கே செருப்புக் காலோடு யாரும் கோத்தகிரிக்குக் கிளம்ப வேண்டாம். வேரில் தடுக்கி விழுந்து, பாதம் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமும் திரும்பினால் சவ்வு கிழியும். அப்புறம் அறுவை சிகிச்சை வரை போகலாம். மைத்துனனுக்கே ஒருமுறை முட்டியின் வெளிப்பக்கம் பிடித்துக்கொண்டது. இடுப்பில் இருந்து வெளித்தொடை வழியாக முழங்காலுக்குக் கீழே வரும் பட்டை அது; இறக்கத்தில் ஓடுகிறவர்களைத்தான் அதிகம் பிடிக்கும். சமதரையில் நடந்தால் ஒன்றும் இல்லை, இறக்கத்தில் கால் வைத்தால் கத்தி. சில வாரம் ஓடாமல் இருந்தான். அந்த வாரங்களில் வீட்டுக்கு வந்து என் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்தான். என் வாழ்வின் பொற்காலம் அது.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது இன்னும் மோசம். அதைக் கண்டறிந்தது கலிபோர்னியாவில் நடக்கும் ஒரு 100 மைல் மலை ஓட்டத்தில். அந்த ஓட்டம் பிறந்த கதையே கால் சம்பந்தப்பட்டதுதான். அது முதலில் குதிரைப் பந்தயம். 1973-ல் கோர்டி எய்ன்ஸ்லி என்பவரின் குதிரை வழியிலேயே நொண்டிவிட்டது. மறு வருஷம் அவர் குதிரையே இல்லாமல் அதே பந்தயத்தில் குதிரைகளோடு குதிரையாக ஓடி, 24 மணி நேரத்துக்குள் முடித்துவிட்டார். அதன் பாதையில் ஏற்றத்தைவிட இறக்கம்தான் அதிகம்: ஏற்றம் 18,000 அடி, இறக்கம் 23,000 அடி. அங்கே ஐபூப்ரோஃபென் விழுங்கி ஓடியவர்களைச் சோதித்தபோது, வலியும் குறையவில்லை, சிறுநீரகத்துக்குத்தான் கூடுதல் சிரமம் என்று தெரிந்தது. கல் கரைத்த அனுபவசாலி என்பதால் இதை மட்டும் அழுத்திச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு.

நான் ஒரேயடியாகச் சரணடைந்தது ஜாஸ் நெய்லர் என்ற ஆட்டுக்காரரிடம். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில், வாஸ்டேல் பள்ளத்தாக்கில் ஆடு வளர்த்தவர். அங்கே குன்று ஓட்டம் என்பது கிராமத்து விளையாட்டு. பாதை என்று ஒன்று கிடையாது, பாறையும் சேறும்தான். நெய்லருக்குச் சின்ன வயதிலேயே முதுகுப் பிரச்சினை. இளவயதில் முழங்கால் சவ்வை அறுத்து எடுத்துவிட்டார்கள், முதுகிலும் அறுவை சிகிச்சை. நம் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும்போதே அதை மறைத்திருப்போம், அவரை ரேஷன் கடைக்குக்கூட அனுப்ப மாட்டோம். அவர் 1975-ல் 24 மணி நேரத்துக்குள் 72 சிகரங்களைத் தொட்டார். 2006-ல், 70 வயதில், 70 சிகரங்களை 21 மணி நேரத்துக்குள் ஓடி முடித்தார். 88 வயது வரை வாழ்ந்து 2024-ல் காலமானார். ஒருத்தரை வைத்து எல்லோருக்கும் சட்டம் போட முடியாது, அவர் உடம்பு வேறு மண்ணால் செய்தது என்று என் மாமனார் சொன்னார். நானும் தலையாட்டினேன். பிறகுதான் இத்தாலிக்காரர் மார்கோ ஓல்மோவைப் பற்றிப் படித்தேன்: 2007-ல் யு.டி.எம்.பி.யில் முதலாவதாக வந்தபோது அவருக்கு வயது 58. நம் ஊரில் அப்போதெல்லாம் அந்த வயதில் அரசு வேலையில் ஓய்வு கொடுத்து, சால்வை போர்த்தி, மாலை போட்டு, ஜீப்பில் ஏற்றி வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். அதற்கு முந்தின வருஷமும் ஜெயித்தது அவரேதான். சைவச் சாப்பாட்டுக்காரர் வேறு. ஆட்டுக்கால் சூப்பின் மேல் பழி போடவும் வழி இல்லாமல் போயிற்று.

சூப் என்றதும் சொந்தக்காரர்களைச் சொல்லாமல் விட முடியாது. என் முட்டி வலிச் செய்தி பரவியதும் வைத்தியம் வந்து குவிந்தது. பெரிய மாமியார் பிரண்டைத் துவையல் கொடுத்தனுப்பினார். சேலத்துச் சம்பந்தி கொல்லிமலையில் இருந்து முடவாட்டுக்கால் கிழங்கு வரவழைத்தார். ஆட்டுக்கால் மாதிரியே ரோமத்தோடு இருக்கும், தோலைச் சீவி மிளகு தட்டிப் போட்டுச் சூப் வைக்க வேண்டும். ருசியில் குறை சொல்ல மாட்டேன். சித்தப்பா ஒரு நீ கேப் வாங்கி வந்தார். மாட்டும்போது தொடையிலேயே நின்றுவிட்டது. ஒவ்வொருவரும் போகும்போது மைத்துனனைக் கூப்பிட்டு, "மாமனப் பாத்தியா? இதுக்குத்தான் மலையில ஓட வேண்டாங்கறது" என்று புத்தி சொல்லிவிட்டுப் போனார்கள். அவன் எல்லோரிடமும் "சரிங்க" என்றான்.

டாக்டர் என்னை பிசியோவிடம் அனுப்பினார். கல்லூரியை முடித்துப் புதிதாக வந்த பெண். அவர் கொடுத்த பயிற்சி என்ன தெரியுமா? படியில் இருந்து இறங்குவது. ஒரு படியின் மேல் ஒற்றைக் காலில் நின்று, அடுத்த காலை மெதுவாக, மூன்று எண்ணும் வரை, கீழே கொண்டுபோய்க் குதிகாலால் தரையைத் தொட்டு, மறுபடி மேலே வர வேண்டும். முட்டி உள்பக்கம் சாயக்கூடாது. மலை இறங்குகிற அதே வேலைதான், மலை மட்டும் இல்லை. "தொடை பலமானாத்தான் முட்டி வலி குறையும் அங்கிள். அதுக்கு இதுதான் மருந்து. பழகினதும் கையில கொஞ்சம் வெயிட் வெச்சுக்கலாம்" என்றார். அங்கிள் என்று அழைத்ததைப் பொறுத்துக்கொண்டேன். அந்தக் கடைசி வாக்கியத்தை என் மனைவி பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்ததைத்தான் கவனிக்கவில்லை.

இப்போது காலையில் மொட்டை மாடிப் படியில் என் மலை ஓட்டம் நடக்கிறது. முதல் வாரம் வெறுங்கையோடு. அடுத்த வாரம் ஈரத் துணி வாளியை மேலே கொண்டுபோய், காய்ந்த துணியைக் கீழே கொண்டுவந்தேன். அப்புறம் மொட்டை மாடியில் காயவைத்த மிளகாய், மழை வரும்போலத் தெரிந்தால் மாமனாரின் மடக்குக் கட்டில். நேற்று வாசலில் மளிகைக் கடைப் பையன் 25 கிலோ பொன்னி அரிசிச் சிப்பத்தை இறக்கி வைத்துவிட்டு மேல்வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டிருக்கிறான்.

"நீ வெச்சுட்டுப் போ தம்பி" என்று மேலே இருந்து என் மனைவியின் குரல் கேட்டது. "ஏனுங்க, வெயிட் வந்திருக்குதுங்க!"